ஆண்டையின் அந்தரங்கக் கடிதங்கள்

'அவரு மனசுல ஒண்ணும் கிடையாதுங்க. உள்ளுக்குள்ள நம்ம மேல ரொம்பப் பிரியம். ஊருக்குப் பயந்துதான் வாயத் தெறக்காம இருக்காரு.' சேரியில் பிறந்த யாரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. ஆண்டையைப் பற்றிச் சொல்வார்கள். அதிகாரியைப் பற்றி, கட்சித் தலைவரைப் பற்றி, முற்போக்கு எழுத்தாளரைப் பற்றிச் சொல்வார்கள். சொல்கிறவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே. ஒருவருடைய உள்மனம் நல்லது என்று தெரிந்துவிட்டால் அவர் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் நாம் குறைத்து எடை போட வேண்டுமா? ஒருவரின் அறத்தை அவருடைய மனசாட்சியை வைத்து அளப்பதா, அந்த மனசாட்சிக்குக் கீழே உழைத்தவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை வைத்து அளப்பதா?

இந்தக் கேள்வியைப் பொதுவாகப் பேசினால் வெறும் உபதேசமாகிவிடும். ஆகவே ஒரு மனிதரை எடுத்துக்கொள்வோம். தாமஸ் ஜெஃபர்சன். 1776இல் எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள் என்று அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதியவர். 1801 முதல் 1809 வரை அமெரிக்க ஜனாதிபதி. தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தவரும் இவர்தான். உயிரோடிருந்தபோது விடுதலை செய்தது இரண்டு பேரை. உயிலில் விடுதலை எழுதி வைத்தது ஐந்து பேருக்கு.

ஜெஃபர்சனை எடுத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம், அவர் ஓயாமல் கடிதம் எழுதியவர். சுமார் 19,000 கடிதங்கள் என்பது கணக்கு. ஒரு பேனாவை அசைத்தால் அதோடு பிணைத்த இன்னொரு பேனாவும் சேர்ந்து எழுதுகிற நகல் கருவி ஒன்றை வீட்டிலேயே வைத்திருந்தார். எழுதிய கடிதத்தின் பிரதி தம்மிடமே இருக்கும். அடிமைமுறை பற்றிப் பொதுமேடையில் அவர் பேசுவது ஆக ஆகக் குறைந்துபோனது. பேசியதெல்லாம் கடிதங்களில். அந்தக் கடிதங்களை வைத்துத்தான் இருநூறு வருஷமாக 'உள்ளுக்குள்ள அவர் அடிமைமுறைக்கு எதிரிதான்' என்று சொல்லி வருகிறார்கள். அதையும் பார்த்துவிடுவோம்.

2

1814 ஜூலை 31. வர்ஜீனியாவில் எட்வர்ட் கோல்ஸ் என்கிற 27 வயது இளைஞர் ஜெஃபர்சனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கோல்ஸ் அன்றைய ஜனாதிபதி மாடிசனின் அந்தரங்கச் செயலாளர். ஜெஃபர்சன் வசித்த அதே அல்பமார்ல் மாவட்டத்துக்காரர். பெரிய பண்ணைக் குடும்பம். அப்பா செத்த பிறகு 1808இல் பாகம் பிரித்ததில் நிலமும் சுமார் 20 அடிமைகளும் பங்காக வந்தன. கல்லூரிப் பாடத்தில் மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருப்பது சரியா என்ற கேள்வி எழுந்த நாளிலிருந்தே அவருக்கு அது உறுத்தல். வர்ஜீனியாவில் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்க ஒரு திட்டம் போட்டு நீங்களே முன்னின்று நடத்த வேண்டும் என்று ஜெஃபர்சனைக் கேட்கிறார். உங்களைப் போன்றவர் சொன்னால்தான் நாடு கேட்கும் என்கிறார். தாம் தம்முடைய அடிமைகளை அழைத்துக்கொண்டு வர்ஜீனியாவை விட்டே போய்விட முடிவு செய்திருப்பதையும் சொல்கிறார்.

ஆகஸ்ட் 25ஆம் தேதி ஜெஃபர்சன் பதில் எழுதுகிறார். பதில் உருக்கமானது. இந்த மக்களின் நியாயத்துக்காக இத்தனை காலம் ஒன்றும் செய்யாமல் இருந்தது நமக்கெல்லாம் அவமானம் என்கிறார். விடுதலை வந்தே தீரும் என்கிறார். இளைய தலைமுறை இதைக் கையில் எடுக்கும் என்று நம்பினேன், எடுக்கவில்லையே என்று வருந்துகிறார். பிறகு விஷயத்துக்கு வருகிறார். இது இளைஞர்கள் செய்ய வேண்டிய வேலை, கிழவனான என்னிடம் பிரார்த்தனையைத் தவிர வேறு ஆயுதமில்லை. சிறு வயதிலிருந்தே தாமாக யோசித்துச் செயல்பட அவசியமில்லாமல் வளர்க்கப்பட்டதால் இந்த மக்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாத குழந்தைகளைப் போல ஆகிவிட்டார்கள். அவர்கள் மற்ற நிறத்தோடு கலப்பது இழிவை உண்டாக்கும். கடைசியாக ஒரு புத்திமதி: நீ ஊரை விட்டுப் போகாதே. உன் உடைமையையும் விட்டுவிடாதே. அவர்களுக்கு நன்றாகச் சோறு போடு, துணி கொடு, கொடுமையிலிருந்து காப்பாற்று. நம் கருத்தை மெதுவாக, விடாமல் எடுத்துச் சொல்.

இந்தக் கடிதத்தை மேலோட்டமாகப் படித்தால் மனசு இளகும். நிதானமாகப் படித்தால் எரியும். விடுதலை வேண்டும் என்று தொடங்குகிற கடிதம், விடுதலை செய்யப் போகிற ஒருவனைச் 'செய்யாதே' என்று தடுத்து முடிகிறது. அடிமைமுறையை ஆதரிக்கிற ஒருவன் கோல்ஸுக்குக் கடிதம் எழுதியிருந்தாலும் நடைமுறையில் வேறென்ன சொல்லியிருப்பான்? போகாதே, விடாதே, சோறு போட்டு வைத்துக்கொள். இதையேதான் சொல்லியிருப்பான். வருத்தம் மட்டும் கூடுதல்.

3

அந்தப் பதிலில் உள்ள காரணங்களை ஒவ்வொன்றாக எடுப்போம்.

முதல் காரணம் வயது. 1814இல் அவருக்கு 71. அதற்குப் பின் 12 வருஷம் உயிரோடிருந்தார். அந்த 12 வருஷத்தில் சும்மா இருக்கவில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை நிறுவினார். 1819இல் சட்டமன்ற அனுமதி வாங்கி, கட்டட வரைபடம் போட்டு, பாடத்திட்டம் வகுத்து, பேராசிரியர்களை ஐரோப்பாவிலிருந்து வரவழைத்து 1825இல் திறந்தார். கட்டடம் எழும்ப உழைத்தவர்களில் அடிமைகள் ஏராளம். பல்கலைக்கழகம் கட்ட வராத கிழத்தனம் விடுதலை என்றதும் எங்கிருந்து வந்தது?

கோல்ஸ் இதை விட்டுவிடவில்லை. செப்டம்பர் 26ஆம் தேதி மறுபடி எழுதினார். பெஞ்சமின் பிராங்க்ளின் உங்கள் வயதைத் தாண்டிய பிறகும் பென்சில்வேனியாவில் இந்தக் காரியத்துக்குப் பயன்பட்டாரே என்று மரியாதையாகவே கேட்டுவிட்டார். பிராங்க்ளின் 1787இல் அடிமைமுறை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானபோது வயது 81. 1790 பிப்ரவரியில் அடிமைமுறைக்கு எதிரான மனுவில் கையெழுத்துப் போட்டு அமெரிக்க காங்கிரசுக்கு அனுப்பியபோது 84. அடுத்த ஏப்ரலில் இறந்துபோனார்.

வயதுச் சாக்கு இன்னொரு தடவையும் வருகிறது. போலந்து நாட்டுப் போராளி கொஸ்சியுஸ்கோ அமெரிக்க விடுதலைப் போரில் சண்டை போட்டவர். 1798இல் அவர் ஓர் உயில் எழுதினார். அமெரிக்காவில் தமக்குள்ள பணத்தைக் கொண்டு கறுப்பின அடிமைகளை விலை கொடுத்து விடுவித்துப் படிக்க வைக்க வேண்டும், அதை நண்பர் ஜெஃபர்சன் நிறைவேற்ற வேண்டும் என்பது அந்த உயில். 1817இல் கொஸ்சியுஸ்கோ இறந்தார். 1819இல் ஜெஃபர்சன் வயதைக் காட்டி அந்தப் பொறுப்பு வேண்டாம் என்று விலகினார். வேறு உயில்களும் கிளம்பி அதில் சட்டச் சிக்கல் இருந்தது உண்மை. ஆனால் அதே 1819தான் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி வாங்கிய வருஷமும்.

இரண்டாவது காரணம், இவர்கள் குழந்தைகள், விட்டால் பிழைக்கத் தெரியாது. யாரைச் சொல்கிறார்? மான்டிசெல்லோ என்கிற அவருடைய மாளிகையின் தச்சு வேலை ஜான் ஹெமிங்ஸ் கை வேலை. கொல்லுப்பட்டறையை நடத்தியவர் ஜோ ஃபாசெட். அவர் மனைவி ஈடித், ஜனாதிபதி மாளிகையில் பிரெஞ்சுச் சமையல் பழகி வந்து மான்டிசெல்லோ அடுப்படியை ஆண்டவர். ஆணிப் பட்டறையில் பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன்கள் அடித்த ஆணியில்தான் அந்தக் குடும்பத்தின் மளிகைச் செலவு ஓடியது. ஒருவேளைச் சோறு தானாக ஆக்கித் தின்னத் தெரியாதவன், அவனுக்கு ஆக்கிப் போடுகிறவளைப் பார்த்து 'இதுங்களுக்குப் பிழைக்கத் தெரியாது' என்கிற இந்த வசனம் நமக்குப் புதுசு இல்லை.

மூன்றாவது காரணம் ரத்தக் கலப்பு. இதைச் சொல்கிறபோது ஜெஃபர்சன் வீட்டிலேயே சாலி ஹெமிங்ஸ் என்கிற அடிமைப்பெண் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். பெவர்லிக்கு 16 வயது. ஹாரியட்டுக்கு 13. மாடிசனுக்கு 9. எஸ்டனுக்கு 6. நால்வரும் ஜெஃபர்சனின் பிள்ளைகள். நால்வரும் ஜெஃபர்சனின் அடிமைகள். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்பது வர்ஜீனியாச் சட்டம். அடுத்த வருஷம் 1815இல் பிரான்சிஸ் கிரே என்பவருக்கு எழுதிய கடிதத்தில், எத்தனை தலைமுறை வெள்ளை ரத்தம் சேர்ந்தால் கறுப்பு கழியும் என்று இயற்கணிதக் குறியீடு போட்டுக் கணக்கு விளக்குகிறார். மூன்றாவது கலப்பில் கழிந்துவிடுமாம். அவர் கணக்குப்படி அவர் பிள்ளைகள் வெள்ளையர்கள். தாமே அவர்களின் தகப்பன் என்பது அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

4

சரி, கோல்ஸுக்கு எழுதியதுதான் உண்மை மனசு, மற்றதெல்லாம் காலக் கட்டாயம் என்று வாதிடலாம். அப்படியானால் மற்ற அந்தரங்கக் கடிதங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1791இல் பெஞ்சமின் பேனக்கர் என்கிற கறுப்பர் ஜெஃபர்சனுக்கு எழுதினார். மேரிலாண்டில் புகையிலை விவசாயி, அடிமையல்லாதவர், தாமாகக் கற்று வானியல் கணித்து பஞ்சாங்கம் போட்டவர். அந்தப் பஞ்சாங்கத்தின் கைப்பிரதியை அனுப்பி, சமத்துவம் என்று எழுதிய நீங்களே எங்கள் சகோதரர்களை அடிமைப்படுத்தி வைத்திருக்கிறீர்களே என்று நேருக்கு நேர் கேட்டார். ஜெஃபர்சன் பணிவாக நன்றி சொல்லிப் பதில் போட்டார். பாரிசில் இருந்த அறிஞர் கோண்டோர்செக்கு அந்தப் பஞ்சாங்கத்தை அனுப்பியும் வைத்தார். இரண்டு கடிதங்களும் அச்சில் வந்தன. பதினெட்டு வருஷம் கழித்து 1809இல், பேனக்கர் இறந்துபோன பிறகு, ஜோயல் பார்லோ என்கிற வெள்ளை நண்பருக்கு எழுதும்போது அந்தப் பணிவு காணோம். பேனக்கரின் கடிதம் ரொம்பச் சாதாரண மூளையைத்தான் காட்டுகிறது, கணக்குப் போட யாராவது கூடமாட உதவியிருக்கலாம் என்கிறார். நம் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கினால் 'யார் எழுதிக் கொடுத்தது?' என்று கேட்பவர்களை நமக்குத் தெரியும்.

1812இல் ரூபன் பெரி என்பவருக்கு ஒரு கடிதம். ஜேம்ஸ் ஹப்பர்ட் என்கிற இளைஞர் பற்றியது. ஆணிப் பட்டறையில் சிறு பையனாக வேலை பார்த்தவர் ஹப்பர்ட். 1805இல் தப்பி ஓடினார், பிடித்துக்கொண்டு வந்தார்கள். சில வருஷம் பொறுத்து மறுபடி ஓடினார். ஒரு வருஷத்துக்கு மேல் கையில் சிக்கவில்லை. பிடித்து விலங்கு மாட்டிக் கொண்டுவந்த பிறகு, அவருடைய பழைய கூட்டாளிகள் பார்க்கக் கடுமையாகச் சவுக்கடி கொடுக்க வைத்ததாக ஜெஃபர்சனே எழுதுகிறார். மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த அடியின் நோக்கம். அவரை விற்றும்விட்டார். கோல்ஸுக்கு உருகி எழுதுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்தது இது.

1820 ஏப்ரல் 22. ஜான் ஹோம்ஸ் என்பவருக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதம். ஓநாயின் காதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், பிடித்திருக்கவும் முடியவில்லை, விட்டால் ஆபத்து என்று புலம்புகிறார். நாம் புலிவாலைப் பிடித்த கதை என்போமே, அது. ஒரு தட்டில் நீதி, இன்னொரு தட்டில் சொந்த உயிர் என்கிறார். இந்த உவமையைச் சரித்திர ஆசிரியர்கள் பரிதாபத்தோடு எடுத்தாளுவார்கள். இதில் மிருகம் யார் என்று பாருங்கள். உழைக்கிறவன் ஓநாய். அவன் உழைப்பில் சாப்பிடுகிறவன் இக்கட்டில் மாட்டிக்கொண்ட அப்பாவி. ஆணி அடிக்கிற பன்னிரண்டு வயசுப் பையனும், அடுப்படியில் நிற்கிற ஈடித்தும் இந்த உவமைக்குள் நுழைந்த உடனே பல் முளைத்த மிருகமாகிவிடுகிறார்கள்.

இதே 1820, ஜூன் 30. பத்து வாரம்கூட ஆகவில்லை. மருமகன் ஜான் வெய்ல்ஸ் எப்ஸுக்கு ஒரு கடிதம். இரண்டு வருஷத்துக்கு ஒரு பிள்ளை பெறுகிற பெண், பண்ணையில் உள்ள நல்ல வேலைக்காரனைக் காட்டிலும் லாபம் என்று எழுதுகிறார். ஆண் உழைப்பது தின்று தீர்ந்துபோகிறது, பெண் பெறுவது முதலில் சேருகிறது என்பது விளக்கம். இந்தக் கடிதத்தில் ஓநாயும் இல்லை, நீதியின் தராசும் இல்லை. ஒரு கணக்குப்பிள்ளை பேசுகிறார். அடிமைப்பெண்ணின் கர்ப்பப்பை அவருக்கு வட்டி. ஹோம்ஸ் கடிதத்தை மேற்கோள் காட்டுகிற அத்தனை பேரும் இந்தக் கடிதத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும். முக்கியமாகப் பெண்கள் இதைப் படிக்க வேண்டும்.

இப்போது கேட்போம், இதில் எது அவருடைய அந்தரங்கம்? லட்சிய இளைஞனுக்கு வருத்தம், கறுப்பின அறிஞருக்கு மரியாதை, வெள்ளை நண்பருக்கு ஏளனம், அரசியல்வாதிக்குப் பயம், மருமகனுக்கு லாபக் கணக்கு. யாருக்கு எழுதுகிறாரோ அவருக்கு ஏற்ற முகம். அந்தரங்கத்தில்தான் மனிதன் உண்மை பேசுவான் என்பது ஒரு மூடநம்பிக்கை. அந்தரங்கக் கடிதமும் ஒரு மேடைதான். கேட்கிறவர் ஒருவர் மட்டுமே என்பதுதான் வித்தியாசம். நகல் கருவியை வைத்துக்கொண்டு எழுதுகிறவருக்கோ வருங்காலமும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 'உண்மையில் அவர் மனசு என்ன' என்று தேடுவதில் பலனில்லை. அந்தக் கேள்வியே நம்மை ஆண்டையின் நெஞ்சுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறது. வெளியே வயலில் நிற்பவர்கள் மறந்துபோகிறார்கள்.

5

'காலத்தை மீறி யாரால் சிந்திக்க முடியும்? அவர் அந்தக் காலத்து மனிதர்' என்பார்கள். கோல்ஸ் எந்தக் காலத்து மனிதர்? அதே காலம், அதே மாவட்டம், அதே வர்க்கம். அவருக்கும் முன்னால் 1791இல் ராபர்ட் கார்ட்டர் என்கிற வர்ஜீனியாப் பண்ணையார் 450க்கும் மேற்பட்ட அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்கப் பத்திரம் எழுதினார். 1799இல் வாஷிங்டன் தமக்குச் சொந்தமான அடிமைகளை விடுதலை செய்து உயில் எழுதினார். பேனக்கர் எந்தக் காலம்? சவுக்கடி தெரிந்தும் இரண்டு தடவை ஓடிய ஹப்பர்ட் எந்தக் காலம்? அந்தக் காலம் என்று சொல்கிறபோது ஆண்டைகளை மட்டுமே காலமாக எண்ணுகிறார்கள். அடிமைகளும் அந்தக் காலத்தில்தான் வாழ்ந்தார்கள். அது தப்பு என்று அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கோல்ஸ் என்ன ஆனார் என்பதையும் சொல்ல வேண்டும். ஜெஃபர்சனின் புத்திமதியை அவர் ஏற்கவில்லை. 1819 வசந்தத்தில் தம் அடிமைகளைக் கூட்டிக்கொண்டு படகில் ஒஹையோ ஆற்றில் இறங்கினார். பிட்ஸ்பர்க் தாண்டியதும் படகிலேயே எல்லோரையும் கூப்பிட்டு, இனி நீங்கள் சுதந்திரமானவர்கள், கூட வந்தாலும் சரி, இங்கேயே இறங்கிப் போனாலும் சரி என்று சொல்லிவிட்டார். முதலில் யாருக்கும் பேச்சு வரவில்லை என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். இல்லினாய் சேர்ந்ததும் குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கர் நிலம் கொடுத்தார். நிலம் இல்லாத விடுதலை பாதி விடுதலை என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

1822இல் கோல்ஸ் இல்லினாய் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமைமுறைக்கு இடம் தருகிற மாதிரி மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த அங்கே ஒரு கூட்டம் முயன்றது. அதை எதிர்த்து ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தார், தம் சம்பளத்தைச் செலவழித்தார். 1824 ஆகஸ்டில் வாக்கெடுப்பு. திருத்தத்துக்கு ஆதரவு 4,972. எதிர்ப்பு 6,640. முயற்சி தோற்றது. அவர்மீது வழக்கும் போட்டார்கள். விடுதலை செய்தபோது சட்டப்படி பிணைப்பத்திரம் கட்டவில்லை என்று 2,000 டாலர் தண்டம் விதித்தார்கள். பிறகு அது ரத்தானது.

கோல்ஸைத் தெய்வமாக்கத் தேவையில்லை. பத்து வருஷத்துக்கு மேல் அவரும் அடிமைகளின் உழைப்பில்தான் வாழ்ந்தார். விடுதலை செய்யப் போகிறேன் என்பதைப் படகேறும் வரை அவர்களிடமே சொல்லவில்லை. அவருடைய மகன்களில் ஒருவன் 1862இல் அடிமைமுறையைக் காக்கப் போர் செய்த தென்மாநிலப் படையில் சேர்ந்து செத்தான். நல்ல மனசு வாரிசாக இறங்குவதில்லை. ஆனால் ஒன்று. கோல்ஸ் தம் நம்பிக்கைக்காக எதையோ இழந்தார். ஊரை, நிலத்தை, சொந்தபந்தத்தை. நம்பிக்கைக்கு விலை கொடுக்கிறவனைத்தான் நம்பிக்கை உள்ளவன் என்று சொல்ல முடியும். விலை கொடுக்காத நம்பிக்கை ஒரு அலங்காரம். மான்டிசெல்லோவின் சுவரில் மாட்டிய படங்களைப் போல.

ஜெஃபர்சன் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 1784இல் மேற்குப் பகுதிகளில் அடிமைமுறை கூடாது என்று அவர் கொண்டுவந்த யோசனை ஒரே ஒரு வாக்கில் தோற்றது. ஜனாதிபதியாக இருந்தபோது 1807இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். விடுவிக்கப்பட்டவர்கள் 12 மாதத்துக்குள் வர்ஜீனியாவை விட்டு வெளியேற வேண்டும் என்று 1806இல் சட்டம் வந்ததும், அவர் கழுத்துவரை கடனில் இருந்ததும் உண்மை. இதையெல்லாம் சேர்த்து எடை போட்டாலும் மிஞ்சுவது இதுதான். பதவி, புகழ், பேனா மூன்றும் கையில் இருந்த ஒருவர், தம் சொத்துக்குச் சேதம் வராத எல்லையோடு தம் அறத்தை நிறுத்திக்கொண்டார். கடிதங்கள் அந்த எல்லையை மறைக்க உதவின.

1826 ஜூலை 4இல் அவர் இறந்தார். கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். 1827 ஜனவரியில் மான்டிசெல்லோ முற்றத்தில் 130 பேரை ஏலத்துக்கு விட விளம்பரம் செய்தார்கள். ஜோ ஃபாசெட்டுக்கு உயிலில் விடுதலை எழுதியிருந்தது. அவர் மனைவி ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் எழுதவில்லை. சுதந்திரம் வரப்போகிற அந்த மனிதர் தம் குடும்பம் ஏலம் போவதைப் பார்க்க வேண்டியிருந்தது. மகன் பீட்டருக்கு 11 வயது. குதிரையைப் போல ஏல மேடையில் நிறுத்தி விற்றார்கள் என்று 1898இல், கிழவரான பிறகு, பீட்டர் ஃபாசெட் சாட்சியம் சொன்னார். ஜெஃபர்சனின் அந்தரங்க வருத்தம் அந்த ஏலத்தில் ஒரு பிள்ளையின் விலையைக்கூட அடைக்கவில்லை.

6

ஆண்டை எழுதிய 19,000 கடிதங்கள் பாதுகாக்கப்பட்டன. அடிமைகள் எழுதியவை சில மட்டுமே மிஞ்சின. ஹன்னா என்கிற பெண் 1818இல் வேறொரு பண்ணையிலிருந்து ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. வீடு நல்லபடியாக இருக்கிறது, உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன் என்று எழுதி, கடவுளைப் பற்றியும் சில வார்த்தை சொல்கிறார். ஜான் ஹெமிங்ஸ் எழுதிய தச்சு வேலைக் கடிதங்கள் சில உண்டு. ஆண்டைக்கு எழுதும் கடிதத்தில் அடிமை தன் அந்தரங்கத்தை எழுத முடியுமா? மனசு என்ற ஒன்று தனக்கு இருக்கிறது என்று காகிதத்தில் காட்டிக்கொள்வதே வசதி உள்ளவர்களுக்குத்தான் வாய்த்தது.

அதனால்தான் சாட்சியம் தேவைப்பட்டது. 1873இல் ஒஹையோ மாநிலத்து உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் மாடிசன் ஹெமிங்ஸ் தம் கதையைச் சொன்னார். என் அப்பா ஜெஃபர்சன், என் அம்மா அவருடைய அடிமை என்று சொன்னார். நூறு வருஷத்துக்கு மேல் அதை யாரும் மதிக்கவில்லை. 'அப்படிப்பட்ட மகான் அதைச் செய்திருக்க மாட்டார்' என்று அவருடைய கடிதங்களையும் குணத்தையும் காட்டி வரலாற்று ஆசிரியர்கள் தள்ளிவிட்டார்கள். 1997இல் அனெட் கார்டன் ரீட் என்கிற கறுப்பினப் பெண் அறிஞர், வெள்ளைக்காரக் குடும்பத்தின் வாய்ப்பேச்சை ஆதாரமாக ஏற்றவர்கள் கறுப்புக் குடும்பத்தின் சாட்சியத்தை எப்படித் தள்ளினார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். 1998இல் மரபணுச் சோதனை மாடிசன் சொன்ன பக்கமே நின்றது. மான்டிசெல்லோவை நிர்வகிக்கிற அறக்கட்டளையும் பிறகு ஒப்புக்கொண்டது. ஆண்டையின் கடிதம் ஆவணம், அடிமையின் வாய்மொழி வதந்தி என்கிற அளவுகோல் இப்படித்தான் ஒரு முறை உடைந்தது.

மாடிசன் ஹெமிங்ஸ் சாட்சி சொன்ன அதே 1873இல்தான் ஜோதிராவ் புலே தம்முடைய 'குலாம்கிரி' நூலை வெளியிட்டு, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்குத் தன்னலம் பாராமல் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். ஒருவரைப் பற்றி இன்னொருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. 1946இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். தீண்டப்படாதவர்களின் நிலைமைக்கும் கறுப்பர்களின் நிலைமைக்கும் உள்ள ஒற்றுமையைச் சொன்னார். டு போய்ஸ் பதிலும் எழுதினார். இதுவும் அந்தரங்கக் கடிதப் போக்குவரத்துதான். ஆனால் இதில் யாரும் தம் மனசாட்சியை வெளிச்சம் போட்டுக் காட்டவில்லை. ஒரு மனு, ஒரு பிரதி, அடுத்து ஆக வேண்டிய காரியம். அடிமைமுறையும் தீண்டாமையும் ஒன்றல்ல என்று அம்பேத்கர் தனியாகவே விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வேறுபாட்டை மறைத்து இங்கே சமன் போடவில்லை. ஒடுக்குகிறவன் தன்னைத் தானே மன்னித்துக்கொள்கிற வழி மட்டும் ரெண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது.

'தனிப்பட்ட முறையில் நான் உங்க பக்கந்தான் தோழர்' என்று காதோடு சொல்லிவிட்டுக் கூட்டத்தில் வாயை மூடிக்கொள்கிறவர்கள் இன்றும் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்களை விரட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. கோல்ஸ் போல ஒருவர் அதிலிருந்தும் வரலாம். ஆனால் அந்த ரகசியச் சொல்லுக்கு நாம் நன்றிக்கடன் படத் தேவையில்லை. அதைக் கையில் வாங்கிக்கொண்டு, 'சரி, இதை எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இதுக்காக நீங்க எதை விடப்போறீங்க?' என்று கேட்க வேண்டும். 27 வயதுக் கோல்ஸ் 71 வயது ஜெஃபர்சனிடம் மரியாதை குறையாமல் கேட்டது அதைத்தான். பதில் வராவிட்டால், அந்தக் கடிதத்தை அவருக்கு எதிரான சாட்சியாகக் கோப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். தப்பு என்று தெரியாமல் செய்தவனுக்காவது அறியாமை என்கிற சாக்கு உண்டு. தெரியும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டவனுக்கு அதுவும் இல்லை.